உயிரணுவில் நோயைக் கண்டவர்

நோய் எங்கே தோன்றுகிறது? குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்மங்களின் அளவு பிறழ்வதே நோய்க்குக் காரணம் எனப் பண்டைய ஐரோப்பிய மருத்துவர்கள் கருதினர். அக்கருத்து பன்னூறு ஆண்டுகள் நிலைத்திருந்தது. நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று நிறுவி, மருத்துவத்தைப் புதுவழியில் செலுத்தியவர் ருடால்ப் விர்கோ ஆவார்.

விர்கோ 1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் ஷிவெல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. படைமருத்துவர்களை உருவாக்கும் பெர்லின் நிறுவனத்தில் அவருக்குக் கட்டணமின்றிக் கல்வி கிடைத்தது. 1843இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், சாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றினார். 1845இல், இறந்த நோயாளி ஒருவரின் குருதியில் வெள்ளையணுக்கள் அளவிறந்து பெருகியிருந்ததை நுண்ணோக்கி வழியே கண்டு எழுதினார். அந்நோய்க்கு லுக்கேமியா எனப் பெயர் சூட்டியவரும் அவரே.

1848இல் மேல் சைலீசியாப் பகுதியில் பஞ்சமும் டைபஸ் காய்ச்சலும் பரவின. நிலைமையை ஆராய்ந்துவர அரசு விர்கோவை அனுப்பியது. குடிசைகளில் பசியோடு கிடந்த மக்களை அவர் கண்டார். அம்மக்கள் பேசியது போலிய மொழி. அரசு அலுவலர் பேசியதோ ஜெர்மன் மொழி. மருந்து மட்டும் இந்நோயைத் தீர்க்காது என அவர் உணர்ந்தார். கல்வி, சாலை, நேர்மையான வரி, மக்களாட்சி, மக்கள் மொழிக்கு உரிய இடம் ஆகியவை வேண்டும் எனத் துணிந்து அறிக்கை அளித்தார். அவ்வாண்டு பெர்லினில் எழுந்த மக்கள் கிளர்ச்சியிலும் பங்கு கொண்டார். அரசு சினந்தது, 1849இல் அவர் சாரிட்டேயை விட்டு வெளியேற நேர்ந்தது.

வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. அங்கு ஆய்வைத் தொடர்ந்த அவர், ஒவ்வோர் உயிரணுவும் மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றுகிறது என 1855இல் எழுதினார். ராபர்ட் ரேமாக் என்னும் அறிஞர் இவ்வுண்மையை முன்னரே கண்டிருந்தார். அதனை நோயியலின் அடிப்படையாக ஆக்கியது விர்கோவின் பணியாகும். 1856இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1858இல் உயிரணு நோயியல் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

உடலை அவர் ஒரு நாடாகவும், உயிரணுக்களை அதன் குடிமக்களாகவும் கண்டார். ஒத்த உயிரணுக்கள் ஒன்றுகூடித் திசுவாகின்றன. தசைத்திசு சுருங்கி விரிகிறது. நரம்புத்திசு செய்தி கடத்துகிறது. ஒவ்வோர் உயிரணுவும் தன் வாழ்வை நடத்திக்கொண்டே தன் கடமையையும் ஆற்றுவதால் உடல் நலமாக இருக்கிறது. சில உயிரணுக்கள் எல்லை மீறிப் பெருகினால் கட்டி உண்டாகிறது. குருதியோட்டம் தடைப்பட்டால் இதயத் தசையின் உயிரணுக்கள் மடிகின்றன. உடல் முழுவதும் துன்புறுகிறது. ஒரு பகுதியின் கேடு அனைத்தையும் தாக்குகிறது.

1859 முதல் பெர்லின் நகர மன்ற உறுப்பினராக இருந்த விர்கோ, தூய குடிநீருக்கும் கழிவுநீர்க் கால்வாய்களுக்கும் பாடுபட்டார். நோய்க்குக் கிருமிகளே காரணம் என்ற கொள்கையை அவர் எளிதில் ஏற்கவில்லை. அதில் காலம் அவருக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. எனினும் அவர் போராடிப் பெற்ற தூய்மை ஏற்பாடுகள், அக்கிருமிகளிடமிருந்தே நகர மக்களைக் காத்தன.

1902 சனவரியில் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அதன்பின் நலம் குன்றிய அவர், அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மறைந்தார். இன்று திசுவின் சிறு துண்டை நுண்ணோக்கியில் வைத்து மருத்துவர் நோயறியும் ஒவ்வொரு முறையும், விர்கோ காட்டிய வழியே தொடர்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. சைலீசியா மக்களின் நோய்க்கு மருந்து மட்டும் போதாது என விர்கோ கருதியது ஏன்?
2. உடலை நாட்டோடு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்துகிறது?