சிறையிற் பிணியுற்ற சிவா

நாட்டின் பொருட்டுச் சிறை புகுந்தோர் பலர். ஆயின், சிறையிற் கொடும்பிணிக்கு ஆளாகி, அப்பிணியே குற்றமெனக் கொள்ளப்பட்டு, எஞ்சிய வாழ்நாளெல்லாம் ஒறுக்கப்பட்டவர் சிலரே. அவருள் ஒருவர் சுப்பிரமணிய சிவா. நம் அரியமங்கலத்திற்குச் சேய்மையிலில்லாத திருச்சிராப்பள்ளிச் சிறையும் அவர்தம் துயரிற் பங்குடைத்தாதலின், அவர் வரலாற்றை அறிதல் நம் கடனாம்.

சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் வத்தலக்குண்டிற் பிறந்தார். 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு கூடி, ஆலைத் தொழிலாளர்க்காகவும் நாட்டு விடுதலைக்காகவும் முழங்கினார். மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். திருநெல்வேலி நீதிபதி பின்ஹே, ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார். மேன்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது.

சிறையில் அவரைத் தொழுநோய் பற்றியது. கம்பளி மயிரைத் துப்புரவாக்கும் கடுந்தொழிலால் அது வந்ததென்பர். நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இற் கண்ட நுண்ணுயிரே அந்நோய்க்குக் காரணம், தொழிலன்று. அந்நுண்ணுயிர் உடலிற் புகுந்து பல்லாண்டு கழித்தும் வெளிப்படுமாதலின், தொற்றிய இடத்தை அறுதியிடல் அரிது. ஆயினும், ஒருவனைப் பூட்டி வைத்த அரசு, அவன் உடலைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றதன்றோ? சிவாவோ நோயுற்றும் விடப்பட்டிலர். சேலம் சிறைக்கு மாற்றப்பட்டார். 1912ஆம் ஆண்டு நவம்பரிலேதான் விடுதலை பெற்றார்.

வெளிவந்த சிவா சோர்ந்திருந்தாரல்லர். 1913இல் 'ஞானபானு' என்னும் இதழைத் தொடங்கினார். நோய் முற்றிய நிலையிலும் 1921இல் மீண்டும் சிறைத்தண்டனை பெற்றுத் திருச்சிராப்பள்ளிச் சிறையிலிருந்தார். பிணி மிகுதியால் அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் இரயிலேறுதலும் தடுக்கப்பட்டது. யாவர்க்கும் பொதுவான வண்டி அவர்க்கு மட்டும் இல்லாதாயிற்று. அவரோ கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர்தோறும் சென்று பேசினார். தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பக் கருதினார். சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள், நாற்பதாம் வயதில், அவ்வூரிலேயே சிவா உயிர் நீத்தார்.

நண்பர்காள்! நீதிபதி விதித்தது ஆண்டுக் கணக்கு. சிவா பட்டதோ ஆயுட் கணக்கு. சட்டம் பறிக்க உரிமையுடையது ஒருவனது நடமாட்டத்தையே. அவன் உடல் நலத்தை அன்று. கால் வழங்காதவனை மற்றவரோடு ஒரே படியில் ஏறச் சொல்லுதலும், கண்ணிழந்தவனைத் துணையின்றி அறையிலடைத்தலும் தீர்ப்பில் எழுதாத தண்டனைகளாம். ஒரே விதி எல்லார்க்கும் ஒரே பாரமாவதில்லை.

காலம் சிறிது மாறியுளது. தொழுநோய் இன்று மருந்தால் முற்றும் தீர்வது. தொழுநோயாளரை ஒதுக்கிய 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டே இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அந்நோயினின்று குணமானோரையும் தன் காப்பில் அடக்கிற்று. தமிழ்நாட்டில் சிறைப்பட்டிருந்த உடற்குறையுடையார் ஒருவர் தொடுத்த வழக்கில், 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு ஆணைகள் பிறப்பித்தது. சிறைபுகும்போதே உடற்குறையுடையாரை அறிந்து, அவர்க்கு வேண்டுவன செய்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஆணை ஏட்டில் நிற்பின் பயனில்லை. சிறைவாயிலிற் சாய்தளமாகவும், நோயாளியின் கையில் மருந்தாகவும், ஊமையின் வழக்கில் சைகை அறிந்த துணைவராகவும் அது வடிவெடுத்தல் வேண்டும். பாப்பாரப்பட்டியிற் சிவாவுக்கு மணிமண்டபம் உண்டு. ஆயினும், எச்சிறையிலேனும் ஒரு நோயாளி தன் நோய்க்காக இரண்டாம் முறை ஒறுக்கப்படுமளவும், நாம் அப்பெரியார்க்குப் பட்ட கடன் தீர்ந்ததாகாது.