அகந்தை கரைந்தது, அருள் நிறைந்தது

இறைவனை நாடிச் செல்பவனின் பாதையில் தடைகள் பல. காமம், கோபம், பேராசை ஆகியவற்றை அவன் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறான். அகந்தையோ நற்குணத்தின் போர்வையிலும் வந்து அமர்ந்துவிடும். கிறிஸ்தவ மரபில் பாவங்களின் தொடக்கமே அகந்தைதான் என்று அழுத்தமாகப் போதித்தவர் புனித அகஸ்டின். இந்த உண்மையை அவர் தம் வாழ்க்கையிலிருந்தே கற்றார். அதன் முதல் பாடம் சிறுவர்களின் விளையாட்டுத் திடலில் தொடங்கியது.

வெற்றி வேட்கை

இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் சிறு நகரில் 354-ஆம் ஆண்டு அகஸ்டின் பிறந்தார். தாய் மோனிகா ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தை. சிறுவன் அகஸ்டினோ பாடத்தைப் புறக்கணித்துப் பந்து விளையாடி, ஆசிரியரிடம் அடி வாங்கினான். விளையாட்டின் இன்பத்தைவிட வெற்றியின் பெருமிதமே அவனுக்குப் பெரிதாக இருந்தது. வஞ்சித்தாவது வெல்ல முயல்வான். பிறர் வஞ்சித்தால் கடுமையாகச் சாடுவான். தான் பிடிபட்டாலோ ஒப்புக்கொள்ளாமல் சண்டையிடுவான்.

அடித்த ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். சக ஆசிரியரிடம் அற்ப வாதம் ஒன்றில் தோற்றபோது, பந்தாட்டத்தில் தோற்ற சிறுவனைவிட அதிகமாக அவர் பொறாமையில் வெந்தார். பின்னாளில் தம் வாழ்க்கையை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதியபோது, அகஸ்டின் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். வயது ஏற ஏற, பந்தின் இடத்தில் பொன்னும் நிலமும் பதவியும் வருகின்றன. மனம் மட்டும் மாறுவதில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

அவருக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. கார்த்தேஜ் நகரில் சொற்கலை பயின்று முதல் மாணவராக விளங்கினார். கவிதைப் போட்டியில் வென்று ஆளுநரின் கையால் முடி சூட்டப்பெற்றார். பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் நூல் ஒன்று அவருள் ஞான வேட்கையை மூட்டியது. ஆனால் பைபிளைத் திறந்தபோது அதன் எளிய நடை அவருக்குத் தாழ்வாகத் தோன்றியது. குனிந்து நுழைய வேண்டிய வாயிலில் அவரால் குனிய இயலவில்லை. மானி என்பவரின் சமயத்தில் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். கல்வியறிவு குறைந்த கிறிஸ்தவர்களை வாதத்தில் வென்றதும் அவரது செருக்கை வளர்த்தது.

நண்பரின் வீழ்ச்சி

அகஸ்டினின் மாணவரும் நண்பருமான அலிப்பியஸ் நற்குணம் மிக்கவர். சட்டம் பயில ரோமுக்குச் சென்றிருந்த அவரை, நண்பர்கள் ஒருநாள் வாள்வீரர் மோதும் அரங்கிற்கு வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றனர். அக்காட்சிகளை அவர் வெறுத்தவர். தம் உடலை அங்கே அமர்த்தினாலும் உள்ளத்தை அமர்த்த முடியாது என்று சூளுரைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார். களத்தில் ஒருவன் வீழ்ந்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. எதைக் கண்டாலும் வென்றுவிடலாம் என்ற துணிவில் கண்களைத் திறந்தார். அந்த நொடியே அவர் வீழ்ந்தார். குருதியைக் கண்ட வெறி அவரையும் பற்றிக்கொண்டது; அவரும் கூச்சலிட்டார். பின்னர் பிறரை அழைத்துக்கொண்டு தாமே அரங்கிற்குச் செல்லும் நிலைக்கு ஆளானார்.

அலிப்பியஸ் வீழ்ந்தது தீய ஆசையால் மட்டும் அன்று. இறைவனை நம்ப வேண்டிய இடத்தில் தம்மை நம்பியதால் என்பதே அகஸ்டினின் முடிவு. தூய்மையைக் காக்க எழுந்த உறுதியிலேயே அகந்தை ஒளிந்திருந்தது.

தோட்டத்தில் ஒரு குரல்

384-இல் அகஸ்டின் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியரானார். அங்கு பிஷப் அம்புரோஸின் பேருரைகளைக் கேட்டார். பிளேட்டோவின் மரபில் வந்த தத்துவ நூல்கள் சேர வேண்டிய நாட்டைத் தொலைவிலிருந்து காட்டின. அங்கு செல்லும் வழி கிட்டவில்லை. கடவுளே மனிதனாகத் தாழ்ந்து வந்தார் என்னும் கிறிஸ்துவின் பணிவு அந்நூல்களில் இல்லை என்பதைப் பின்னர் உணர்ந்தார்.

386-ஆம் ஆண்டு ஒருநாள், தம்மைத் தாமே வெல்ல இயலாத வேதனையில் தோட்டத்து மரத்தடியில் விழுந்து அழுதார். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்கும்படி ஒரு குழந்தையின் குரல் திரும்பத் திரும்பப் பாடியது. சிறுவர் விளையாட்டு எதிலாவது இத்தகைய பாட்டு உண்டா என்று எண்ணிப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. இறைவனின் ஆணையாகவே அதை ஏற்று, புனித பவுலின் திருமுகத்தைத் திறந்து படித்தார். ஐயம் அகன்றது. உடனிருந்த அலிப்பியஸ் அதற்கு அடுத்த வரியைப் படித்தார். விசுவாசத்தில் பலவீனமானவனை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வரி அது. அந்தப் பலவீனன் தாமே என்று அவர் ஏற்றார். அரங்கில் தம் வலிமையை நம்பி வீழ்ந்தவர், பலவீனத்தை ஒப்புக்கொண்டு எழுந்தார். 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் இருவரும் அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றனர்.

பணிவே வழி

391-இல் ஹிப்போ நகர மக்கள் அகஸ்டினைப் பிடித்து நிறுத்திக் குருவாக்கினர். அவர் அழுதார். இதைவிட உயர்ந்த பதவி கிடைக்கவில்லையே என்று அழுவதாக எண்ணிச் சிலர் ஆறுதல் கூறினர்! பொறுப்பின் பெருஞ்சுமையை எண்ணி அழுதார் என்பதை அவர்கள் அறியவில்லை. சில ஆண்டுகளில் அவர் பிஷப்பும் ஆனார். உண்மையை அடையும் வழியில் முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் பணிவே என்று, கேள்விகள் அனுப்பிய இளைஞர் ஒருவருக்கு எழுதினார். முதுமையில் தம் நூல்களையெல்லாம் மீண்டும் படித்து, தம் பிழைகளைத் தாமே திருத்தி ஒரு நூல் எழுதினார். தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்த சிறுவனா இவர்!

430-இல் வண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் நோயுற்றார். தாவீதின் மனவருத்தச் சங்கீதங்கள் சிலவற்றை எழுதச்செய்து படுக்கையருகே சுவரில் ஒட்டவைத்தார். அவற்றைப் படித்துப் படித்துக் கண்ணீர் சொரிந்தார். ஆகஸ்ட் 28 அன்று அவரது உயிர் பிரிந்தது. உயில் எதுவும் இல்லை. எழுதிவைக்க அவரிடம் உடைமை எதுவும் இல்லை.

தம் முயற்சியால் மட்டுமே வெல்லலாம் என்று எண்ணும்வரை மனிதன் களத்திலேயே நிற்கிறான். தன்னால் இயலாது என்று உண்மையாக ஒப்புக்கொள்ளும் கணத்தில் அருளின் கதவு திறக்கிறது. அகஸ்டினின் வாழ்க்கை இதற்குச் சான்று.