நாடிழந்தவர் தந்த மருந்து

மாதுங்காவிலே, ஐந்து தோட்டத்தின் பக்கம் மாலை வேளையில் உலாவும் நம் மாணவர்கள் அங்குள்ள அகன்ற வீதிகளையும் மர வரிசைகளையும் கண்டு மகிழ்கிறார்கள். இவ்வீதிகள் எப்படி வந்தன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பிளேக் என்னும் கொள்ளைநோய் கொண்டுவந்த வீதிகள் இவை! 1896-ஆம் ஆண்டு பம்பாயில் புகுந்த அந்நோய், காற்றும் வெளிச்சமும் இல்லாத சந்துகளில் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகே, 1898-ல், நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதரும் மாதுங்காவும் அந்த டிரஸ்ட் வகுத்த திட்டத்தில் எழுந்த பேட்டைகள். தென்னாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம்மவர்கள் பின்னர் அங்கே குடியேறினார்கள்.

அந்தப் பிளேக் நாட்களில், மாதுங்காவுக்குச் சில மைல் தெற்கே, ஊரும் உறவும் இல்லாத ஓர் அந்நியர் இரவு பகல் பாராது உழைத்தார். அவர் பெயர் வால்டெமார் ஹாப்கின். பரேலில் உள்ள ஹாப்கின் ஆராய்ச்சிக் கழகத்தைப் பஸ்ஸில் கடந்து போகும் நாம், அந்தப் பெயருக்கு உரிய மனிதரை நினைப்பதில்லை.

ஹாப்கின் 1860-ல், ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த ஒடெஸா நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்கேயே பல்கலைக்கழகத்தில் மெச்னிகாவ் என்ற பேராசிரியரிடம் விலங்கியல் பயின்றார். மாணவப் பருவத்திலேயே ஜார் ஆட்சியை எதிர்த்துச் சிறை கண்டவர். யூதர் வீடுகளைக் கும்பல்கள் சூறையாடியபோது எதிர்த்து நின்றவர். மதம் மாறினால் பெரிய பதவி கிடைக்கும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். பிறகு அந்த நாட்டில் அவருக்கு என்ன வேலை? 1888-ல் ஜெனிவா சென்றார். அடுத்துப் பாரிஸ். பாஸ்டர் நிலையத்தில் முதலில் கிடைத்தது நூலகத்து வேலைதான். புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் கிருமிகளை ஆராய்ந்தார்.

வாந்திபேதிக்குத் தடுப்பூசி கண்டார். 1892 ஜூலை 18-ஆம் நாள் அதைத் தம் உடம்பிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார். அதன் பலனைப் பார்க்க, நோய் பரவும் நாடு ஒன்று வேண்டுமல்லவா? முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்து, அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃப்ரின் பிரபு உதவினார். 1893-ல் ஹாப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார். குடிசைப் பகுதிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அவர் அலைந்து ஊசி போட்ட கதை தனியே எழுதத் தக்கது. நாம் பம்பாய்க்கு வருவோம்.

1896 செப்டம்பரில் மாண்ட்வி வட்டாரத்தில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபரில் ஹாப்கின் பம்பாய்க்கு அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கொடுத்தது ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். இவ்வளவுதான்! மாட்டிறைச்சிச் சாறு முதலியவற்றில் கிருமி வளர்ப்பது மேல்நாட்டு வழக்கம். இவரோ சாற்றின் மேல் நம் ஊர் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அத்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுபோலக் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூட்டினால் கொன்று மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் நாள், பிறருக்கு இடுவதைவிட அதிக அளவை, மறுபடியும் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன. உயிருக்கு ஒன்றும் இல்லை. அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் நோய் புகுந்தது. கைதிகளில் பாதிப்பேர் போல் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். போட்டுக்கொள்ளாதவர்களிடையேதான் நோயும் சாவும் மிகுந்திருந்தன.

மருந்து இருந்தால் போதுமா? மக்கள் நம்ப வேண்டாமா? பம்பாய் மக்கள் அன்று மருத்துவமனை என்றாலே நடுங்கினர். வீடு புகுந்து நோயாளிகளை இழுத்துச் சென்ற அதிகாரிகளின் கடுமைதான் அதற்குக் காரணம். உள்ளே போனவர் திரும்புவதில்லை என்று வதந்தி. 1896 அக்டோபர் இறுதியில் ஆயிரம்பேர் வரையில் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். (இன்று அது கஸ்தூர்பா மருத்துவமனை.) அறியாமை என்று இதை ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அச்சமூட்டி ஆள்பவர் கையிலிருந்து மருந்து வந்தால், அதையும் அஞ்சத்தானே செய்வார்கள்? ஹாப்கின் கட்டாயப்படுத்தவில்லை. கோஜாக்களின் தலைவரான ஆகா கான் பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். பின்பு தம் மாளிகை ஒன்றையே ஆராய்ச்சிக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அவரைப் பார்த்து அச்சமூகத்தார் திரண்டு வந்தனர்.

அதே 1897-ல் பம்பாய் நகரம் உலக மருத்துவர்களின் சந்தையாயிற்று. ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்ட யெர்சின் சீரத்துடன் வந்தார். ஜெர்மானியரான கோக்கும் காஃப்கியும், ஆஸ்திரியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தனித்தனிக் குழுக்களும் வந்தன. ஐரோப்பாவில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த அரசுகள் இவை! ஆயினும் ஆஸ்திரிய மருத்துவர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையில் இந்திய நோயாளிகளின் படுக்கையருகே நின்று குறிப்பெடுத்தார்கள். போர்ச்சுகீசியர் வசமிருந்த தாமனில் ஹாப்கினின் ஊசி கண்ட பலனைக் கோக் நேரில் சென்று பார்த்தார். சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று 1898-ல் கராச்சியில் கண்டறிந்தார். அப்போது நகைத்தவர்கள் உண்டு. 1905 முதல் பரேலில் கூடிய ஆய்வுக் குழு அதுவே உண்மை என்று நிலைநாட்டியது. இந்தக் கூட்டுறவுக்கு உயிர்விலையும் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்து கொண்டுபோன கிருமிகள் வியன்னா ஆய்வுக்கூடத்தில் ஓர் ஊழியரைப் பற்றின. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் மியூல்லரும், பம்பாயில் தப்பியவர், 1898-ல் அந்நோயாலேயே மாண்டார்.

1899 ஆகஸ்டில் பரேல் பழைய கவர்னர் மாளிகை ஹாப்கினின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. நாடிழந்தவருக்கு ஒரு வீடு கிடைத்தது என்று நாம் நினைக்கலாம். மூன்றே ஆண்டுகள்!

1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் மருந்து வந்தது ஒரே குப்பியிலிருந்து. விசாரணை நடந்தது. பரேலில் மருந்து தயாரிக்கும் முறையை மாற்றி, கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டார்கள் என்று கூறி ஹாப்கின் மீது பழி சுமத்தினார்கள். மற்றக் குப்பிகளில் மருந்து பெற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை? அந்தக் குப்பியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் எடுத்துப் பயன்படுத்தியதும் சாட்சியத்திலேயே இருந்தன. ஆனாலும் அவர் வேலையிலிருந்து விலக்கப்பட்டு, 1904-ல் இந்தியாவை விட்டுப் போனார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர், ரஷ்யர், யூதர். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவரைக் கைதூக்கிவிட்டவர்களும் பல நாட்டவர்களே. லண்டனில் லிஸ்டர் நிலையத்தார் சான்றுகளை ஆராய்ந்து, குப்பி திறக்கும்போதுதான் மாசு புகுந்திருக்க வேண்டும் என்றனர். மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் அவருக்காக ஓயாமல் எழுதினார். 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அறிஞர் பலர் கையெழுத்திட்ட கடிதம் வெளியாயிற்று. அமெரிக்கரும் அதில் ஒருவர். அவ்வாண்டின் இறுதியில் பழி நீங்கியது. அவர் கல்கத்தா திரும்பினார். பரேல் மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஊசி போடும் பணியும் மறுக்கப்பட்டது. முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா போய்விட்டார்.

அவர் இல்லாத பரேலிலிருந்து மருந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 1925 வரையில் பம்பாயிலிருந்து சென்ற பிளேக் தடுப்பு மருந்து இரண்டு கோடியே அறுபது லட்சம் அளவைகள். அந்த ஊசி நோயை முற்றிலும் தடுத்துவிடவில்லை. அதன் காப்பும் சில மாதங்களுக்குத்தான். வேறு மருந்துகள் வந்தபின் அது வழக்கொழிந்தும் போயிற்று. ஆனால் வேறொன்றும் இல்லாத காலத்தில் அது ஒன்று இருந்தது.

1925-ல் பரேல் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். செய்தி கேட்ட ஹாப்கின், தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைப் பம்பாய் வேலையே எடுத்துக்கொண்டது என்று பதில் எழுதினார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள், சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில், எழுபதாம் வயதில் அவர் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர், பிள்ளைகள் இல்லை.