யார் இந்த சாண்டோ? பளு தூக்க வருபவர்கள் அவருடைய மாஸ்டரையும் ஏன் தெரிஞ்சுக்கணும்?

சாண்டோ சின்னப்பா தேவர் என்ற பெயரை எம்.ஜி.ஆர். பட டைட்டிலில் பார்த்திருப்பீங்க. கோவைக்காரர், தேவர் பிலிம்ஸ் முதலாளி, யானையை வைத்துப் படம் எடுத்தவர் என்பதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் அந்தச் சாண்டோ என்பது ஊர்ப் பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. உடம்பை இரும்பாக வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பட்டம். வட இந்தியாவில் கையில்லாத பனியனுக்கே சாண்டோ என்றுதான் பேர். இந்தப் பட்டத்துக்கெல்லாம் மூலம், 1925-ல் லண்டனில் இறந்துபோன ஒரு ஜெர்மன்காரர்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் ஜிம்முக்குக் கிளம்புகிற தம்பி, தங்கச்சிகளுக்கு இவர் கதை உதவும். முக்கியமா, பவர்லிஃப்டிங் ஆரம்பிக்கலாமா, எந்த மாஸ்டரிடம் போகலாம் என்று யோசிப்பவர்களுக்கு.

ராணுவத்துக்குத் தப்பி சர்க்கஸுக்கு

நிஜப்பெயர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2-ல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். அன்று பிரஷ்யா; இன்று அந்த ஊர் ரஷ்யாவின் கலினின்கிராட். கட்டாய ராணுவ சேவையைத் தவிர்க்க 1885-ல் நாட்டை விட்டுக் கிளம்பி, சர்க்கஸில் சேர்ந்து, யூஜன் சாண்டோ என்று பேரை மாற்றிக்கொண்டார். அப்போது அவர் ஊர் ஊராகச் சுற்றிய வித்தைக்காரர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் அவர் போய்ச் சேர்ந்த இடம் லூயிஸ் டுர்லாஹர் என்பவரின் பயிற்சிக்கூடம். ஊரார் அவரைப் புரொஃபசர் அட்டிலா என்றுதான் அழைப்பார்கள். இந்தப் பையனுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கனமான எடையோடு பழக்கினார், மேடையில் எப்படி நிற்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். உள்ளே ஈயக்குண்டுகளைப் போட்டு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிற பார், அட்டிலாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

இது சின்ன விஷயம் இல்லை. நம்ம தெக்கத்திக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும். அது ஒரே எடைதான்; ஒன்று தூக்குவீங்க, இல்லை முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவீங்க. பாரில் அப்படி இல்லை. நேற்றைவிட இன்று இரண்டரைக் கிலோ கூடுதல் என்று ஏறலாம், முடியாவிட்டால் இறங்கலாம். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்ற மூன்றையும் கொண்ட பவர்லிஃப்டிங், சாண்டோ காலத்துக்கு ரொம்பப் பிறகு வந்த விளையாட்டு. சர்வதேச சம்மேளனமே 1972-ல்தான் உருவானது. ஆனால் பயிற்சியின் அடிப்படை இந்த ஏணிதான்.

அதனால் முதல் நாளே பிளேட் மாட்டச் சொல்லும் மாஸ்டரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. வெறும் பாரே 20 கிலோ. பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் சில வாரங்களுக்கு அதுவே போதும். சிலருக்கு அதைவிட லேசான பாரோ, ஒரு கம்போ போதும். உட்காருவது, எழுவது, முதுகை நேராக வைத்து குனிவது என அசைவு படிந்த பிறகுதான் எடை. பெஞ்ச் பிரஸ்ஸைத் தனியாகச் செய்யவே கூடாது. பின்னால் பிடிக்க ஆள் வேணும், இல்லை பாரைத் தாங்கும் கம்பி வேணும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து மருந்து அடைத்தவருக்கும், லோடு ஏற்றி இறக்கியவருக்கும் சாயங்காலம் முதுகு ஒரே நிலையில் இருக்காது. என்ன வேலை பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்காத மாஸ்டர் பாதிதான் தெரிந்தவர்.

லண்டனில் இரண்டு மாஸ்டர்கள்

1889-ல் லண்டனின் ராயல் அக்வேரியம் அரங்கில் சாம்ப்சன் என்ற பலசாலி கொடிகட்டிப் பறந்தார். தன்னையும் தன் சிஷ்யன் சைக்ளாப்ஸையும் ஜெயிப்பவருக்குப் பெரிய பணம் என்று தினமும் சவால் விட்டார். அட்டிலாவின் தூண்டுதலில் சாண்டோ அங்கே போனார்.

விதிமுறையைக் கவனிங்க. முதலில் சிஷ்யனைத் தோற்கடிக்கணும், அப்புறம்தான் மாஸ்டரைத் தொடலாம். அக்டோபர் கடைசியில் சைக்ளாப்ஸ் தோற்றார். சில நாட்களில், நவம்பர் 2-ல், சாம்ப்சனும் தோற்றார். சங்கிலி அறுப்பது மாதிரி அவர் காட்டிய வேலைகளில் பலத்தைவிடத் தந்திரம் அதிகம் என்ற பேச்சு அன்றைக்கே உண்டு. ஒரே ராத்திரியில் சாண்டோ லண்டன் முழுக்கப் பிரபலம்.

இந்த இரண்டு ஜோடிகளை வைத்தே பயிற்சி உறவை அளந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். சைக்ளாப்ஸ் தன் மாஸ்டரின் பரிசுப்பணத்துக்குக் காவல் நின்ற ஆள். அட்டிலாவோ தன் சிஷ்யனை அவனுடைய சொந்த மேடைக்கு அனுப்பி வைத்தவர்.

இன்றைய ஜிம்முக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வலி என்று சொன்னால் நல்ல மாஸ்டர் எடையைக் குறைப்பார். காலுக்கு இறங்குகிற வலியோ மரத்துப்போவதோ இருந்தால் டாக்டரிடம் அனுப்புவார். மோசமானவர் பயந்தாங்கொள்ளி என்று எல்லார் முன்னாலும் கேலி செய்வார். வேறு மாஸ்டரிடம் பேசினால் கோபப்படுவார், ஊசியோ மாத்திரையோ போட்டால்தான் மெடல் என்பார், தன்னிடமே பவுடர் வாங்கணும் என்பார். அசைவைத் திருத்த உடம்பைத் தொடும் முன் அனுமதி கேட்க வேண்டும். ராத்திரி நேரத்தில் தனிப்பட்ட மெசேஜ், வீட்டில் சொல்லாதே என்ற ரகசியம், பூட்டிய அறையில் தனிப் பயிற்சி என்று போனால் அது கோச்சிங்கே இல்லை. 18 வயதுக்குள் இருப்பவர்கள் 1098-லும், பெண்கள் 181-லும் உதவி கேட்கலாம்.

சிஷ்யன் மாஸ்டர் ஆனபோது

1893-ல் சாண்டோ அமெரிக்கா போனார். அங்கே ஃப்ளோரன்ஸ் ஸீக்ஃபெல்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் ஒன்றைக் கவனித்தார்: ஜனங்கள் எடையைவிடத் தசையைத்தான் பார்க்க வருகிறார்கள். அடுத்த வருஷம் எடிசனின் கேமரா முன்னால் சாண்டோ தசையை முறுக்கிக் காட்டினார். அதே 1894-ல் சான் பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு சண்டை என்று ஒரு ஷோ. வாயைக் கட்டி, பாதத்துக்கு உறை மாட்டிவிட்ட சிங்கம் சண்டைக்கே வரவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் கடுப்பானார்கள்.

1897-ல் லண்டனில் பயிற்சி நிலையம், மறு வருஷம் பத்திரிகை, பிறகு ஸ்பிரிங் வைத்த டம்பெல்ஸ், கோகோ பவுடர் என்று வியாபாரம் பெருகியது. மாணவர்கள் உடல் அளவை எழுதி வைக்கணும், எண்ணிக்கையை சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கூட்டணும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். அது இன்றைக்கும் சரிதான், ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைங்க. சிக்கல் வேறு இடத்தில். அவர் விற்றது பெரும்பாலும் லேசான டம்பெல்ஸ் முறை. அவர் உடம்போ அட்டிலாவிடம் கனமான எடையில் வளர்ந்தது. இந்த விமர்சனம் அவர் காலத்திலேயே எழுந்தது. பத்து வயதில் அப்பாவோடு இத்தாலி போய்ச் சிலைகளைப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று அவர் சொல்லி வந்த கதையில் பழைய மாஸ்டருக்குப் பெரிய இடம் இல்லை. அட்டிலாவோ நியூயார்க்கில் கூடம் திறந்து, குத்துச்சண்டை சாம்பியன் ஜேம்ஸ் கார்பெட் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே மாஸ்டரின் பைசெப்ஸைப் பார்த்து மயங்காமல், அவரிடம் ஒரு வருஷமாகப் பயிற்சி எடுப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்க. காயம் படாமல் இருக்கிறார்களா, அவர் முன்னால் தைரியமாகக் கேள்வி கேட்கிறார்களா?

சாண்டோவின் நல்ல பக்கமும் உண்டு. 1901 செப்டம்பர் 14-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில். பெரிய தசைக்குப் பரிசு இல்லை. உடம்பின் சமநிலை, பொது ஆரோக்கியம், தோல் வரைக்கும் பார்த்தார்கள். நாட்டிங்ஹாமின் வில்லியம் முர்ரே ஜெயித்தார். 1905 வாக்கில் சாண்டோ இந்தியாவிலும் சுற்றினார். இங்கே அதற்கு முன்பே அவர் பெயர் பரவியிருந்தது. 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு உடற்பயிற்சி ஆலோசகர் பதவி. முதல் உலகப் போர் நேரத்தில் கோகோ கம்பெனி மூழ்கியது.

1925 அக்டோபர் 14-ல் இறந்தபோது வயது 58. பள்ளத்தில் விழுந்த காரை ஒற்றை ஆளாகத் தூக்கியதில் போய்ட்டார் என்று ஒரு கதை பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை. பதிவான காரணம் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வீங்கி வெடித்தது. மூச்சைப் பிடித்து எடை தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென எகிறும் என்பது மட்டும் உண்மை. அதனால் பாரைத் தொடும் முன் ஒருமுறை பி.பி. பார்த்துவிடுங்க, வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் காபி நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெயிலில் வேலை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

லண்டன் புட்னி வேல் கல்லறையில் சாண்டோவைப் புதைத்த இடத்தில், மனைவியின் விருப்பப்படி, பல பத்தாண்டுகள் பெயர்ப்பலகைகூட இல்லை. 2008-ல் அவர் வம்சத்தில் வந்த ஒருவர் பெரிய கல் ஒன்றை நட்டு, சாண்டோ என்று வெட்டி வைத்தார்.