கிராமத் தொழிலின் டாக்டர் – ஜே. சி. குமரப்பா

உணவைப் பற்றி எழுத வருகிறவன் முதலில் தன் வீட்டு உலையைப் பற்றிச் சொல்லிவிடுவது நியாயம். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அரிசி ஆலையால். என் தந்தையார் ஊர் ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறார். நான் கட்டும் கல்லூரிக் கட்டணம் அந்தத் தவிட்டுப் புழுதியிலிருந்து வருவதுதான். என் அப்பத்தாவோ சிறு வயதில் வீடு வீடாகச் சென்று கூலிக்கு நெல் குத்தியவர். ஆலை வந்ததும் உலக்கை மூலைக்குப் போயிற்று, கூலியும் போயிற்று. பிற்பாடு அவர் பெற்ற பிள்ளையே அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இதை நாங்கள் யாரும் வீட்டில் பேசியதில்லை. பொருளியல் பேராசிரியர் சொன்னார் என்பதற்காக நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டிய நான், எங்கள் குடும்பத்துக் கதை அங்கே அச்சாகியிருப்பது போலக் கண்டு திடுக்கிட்டேன். நூல் ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’, அதாவது நிலைத்த பொருளாதாரம். எழுதியவர் ஜே. சி. குமரப்பா.

இப்பெரியார் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பதே அவரது இளமைப் பெயர். குமரப்பா என்னும் முன்னோர் பெயரைக் குடும்பத்தார் பின்னால்தான் மீண்டும் சூடிக்கொண்டனர். இலண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். வசதிக்குக் குறைவில்லை; ஆங்கிலேயரைப் போல உடுத்து, அவர்களைப் போலவே வாழ்ந்தார். பிறகு அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியியல் கற்றார். அங்கே ஒரு கூட்டத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்னும் பொருளில் உரையாற்ற நேர்ந்தது. அந்த உரையே ஆராய்ச்சியின் தலைப்பாகவும் மாறியது. ஆட்சியாளரின் வரவு செலவுக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்திற்குப் பணம் ஓடுகிறது என்று பார்த்தார் நம் தணிக்கையாளர். பார்த்தபின் பழைய வாழ்வுக்குத் திரும்ப அவரால் இயலவில்லை.

அந்த ஆராய்ச்சியை அச்சேற்றும் பொருட்டுக் காந்தியடிகளைக் காண 1929 மே 9ஆம் நாள் சபர்மதிக்குச் சென்றார். நண்பர்களே, இக்காட்சியை மட்டும் சற்று நின்று பாருங்கள். மேனாட்டு உடை, கையில் ஒரு தடி. குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே வந்துவிட்டார். மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு முதியவர் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா தடியை ஊன்றியபடி அதை வேடிக்கை பார்த்து நின்றார். சற்று நேரம் கழித்து அம்முதியவர் நிமிர்ந்து, குமரப்பா நீங்கள்தானா என்று விசாரித்தபோதுதான், தாம் காண வந்தவர் அவரே என்று இவருக்கு விளங்கியது. கால்சட்டையின் மடிப்பு கலைவதைப் பாராமல் அத்தரையிலேயே அமர்ந்துவிட்டார். நாற்காலி கொண்டுவரப்பட்டும் அதில் அமரவில்லை. அன்று அமர்ந்தவர் பிறகு எழவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

குஜராத்தில் மாதர் தாலுகாவின் ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் வித்யாபீட மாணவர்களுடன் வீடு வீடாக நடந்து கணக்கெடுத்தார். ‘யங் இந்தியா’ ஏட்டை நடத்திச் சிறை சென்றார். 1934 சனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் வந்தது. காந்தியடிகளே அங்கு வந்திருந்த சமயம், அவருடன் வந்தோரின் சாப்பாட்டுச் செலவை அந்நிதியில் எழுத மறுத்துவிட்டார் இந்தக் கணக்கர்! காந்தியடிகள் வருந்தவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளர் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்.

சங்கத்தின் இருப்பிடமான மகன்வாடியில்தான் குமரப்பாவின் உண்மையான வாழ்வு தொடங்குகிறது. அரிசி, எண்ணெய், வெல்லம் மூன்றும் அவர் ஆராய்ச்சிக்கு வந்தன. நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் தவிட்டுப் படலம் அரிசியோடு இருக்கும். ஆலையில் தீட்டத் தீட்ட அது போய்விடும். அதனுடன் பி1 வைட்டமினும் போய்விடும். தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்வோரைப் பெரிபெரி நோய் தாக்கும் என்பதை அக்கால மருத்துவம் ஏற்கெனவே கண்டிருந்தது. அப்படியானால் வியாபாரிகள் ஏன் தீட்டுகிறார்கள்? தவிட்டில் எண்ணெய் உண்டு. தவிடு நீங்காத அரிசி விரைவில் சிக்குவாடை அடிக்கும், வண்டும் விழும். மூட்டை கட்டி மாதக்கணக்கில் கிடங்கில் வைக்க உதவாது. அவ்வப்போது குத்தி அவ்வப்போது உண்ண வேண்டிய பொருள் அது. ஆகவே அது கிராமத்திலேயே குத்தப்பட வேண்டும். குத்துகிறவர்க்குக் கூலியும் கிராமத்திலேயே நிற்கும். உடல்நலமும் கூலியும் ஒரே உலக்கையில் இருப்பதைக் கண்டதுதான் குமரப்பாவின் தனித்தன்மை என்று நான் கருதுகிறேன்.

செக்கைப் பற்றியும் அவருக்கு இதே வாதந்தான். ஊரில் எண்ணெய் ஆட்டினால் பிண்ணாக்கு ஊர் மாட்டுக்கு, சாணம் ஊர் நிலத்துக்கு. கரும்பு நல்ல நஞ்சையைக் கேட்கிறது; பனையோ யாரும் வேண்டாத தரிசில் நிற்கிறது. ஆகையால் இனிப்புக்குப் பனைவெல்லத்தை வளர்த்து, நஞ்சையை உணவுக்கு விடவேண்டும் என்றார். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கும் மகன்வாடியில் உருவாயிற்று.

1942 போராட்டத்தில் மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் எழுதியதே நான் மேலே சொன்ன நூல். இயற்கையில் காணும் வாழ்க்கை முறைகளைக் கொண்டே மனிதரின் பொருளாதாரத்தை அதில் வகைப்படுத்துகிறார். ஒட்டுண்ணியாய் வாழ்வது ஒன்று. தான் நடாத தோப்பில் குரங்கு மாம்பழம் பறிப்பது போலக் கவர்ந்துண்பது ஒன்று. கூடு கட்டும் பறவை போல உழைத்துண்பது, தேனீக்கள் போலக் கூட்டத்துக்காக உழைப்பது, குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை போலக் கைம்மாறு கருதாது ஊட்டுவது என்று படிகள் ஏறுகின்றன. நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. அதன்மீது கட்டிய வாழ்வு சண்டையில் முடியும் என்று 1945இலேயே அச்சிட்டார்.

ஒரு இலட்சம் மக்களுக்குச் சரிவிகித உணவு தர எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்னும் அட்டவணையும் அதிலே உண்டு. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குத் தானியம் 16 அவுன்சு என்று தொடங்கிப் பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய்கனி என நீளுகிறது. எதற்கு விலை கிடைக்கும் என்று பாராமல், எது வயிற்றுக்கு வேண்டும் என்று பார்த்துப் பயிரிடுவதற்கான திட்டம் அது. வகுப்பில் நாம் படிக்கும் கேட்பு, அளிப்புக் கோடுகளில் இந்த வயிறு எங்கே இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

அவரிடம் எனக்கு மாறுபாடும் உண்டு. நெல்லைப் புழுக்கிக் காய வைக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நம் பக்கத்துப் புழுங்கலரிசி அவ்வளவு ஏழையன்று. மேலும், உலக்கை பிடித்த கைகளின் காய்ப்பை அவர் எழுத்தில் போதுமான அளவு நான் காணவில்லை. அப்பத்தாவிடம் கேட்டேன். போன கூலிக்காக அழுதது உண்டாம்; ஆனால் அந்த உலக்கை திரும்பி வரவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லையாம். இரண்டும் உண்மைதான். இதற்குக் குமரப்பா என்ன விடை சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகுந்த ஆசை.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1949இல் அறிக்கை அளித்தார். புது அரசு சென்ற வழி அவருக்கு உடன்பாடில்லை. ஒளிக்காமல் சொல்லித் தனிமைப்பட்டார். உடல் நலிந்த நிலையில், மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் அறையில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் குடியானவனின் படமும் இருந்தது. யாரென்று கேட்டவர்களிடம், தம் எசமானருக்கும் எசமானர் என்று அறிமுகப்படுத்துவாராம். 1960 சனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார்.

அரிசியைப் பற்றிய பக்கங்களை ஓர் இரவு தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. உமி நீக்கியதோடு நிறுத்தித் தரும்படி ஆலையில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் தரலாம் என்றார். மறுநாள் மாலை அப்படியே இரண்டு படி அரிசி கொண்டுவந்தார். வேகப் பிடித்த நேரத்தைக் கண்டு அம்மா விறகுக் கணக்குச் சொன்னார். பல்லில்லாத அப்பத்தாவுக்கு அதைக் குழையவிட்டுக் கஞ்சியாக வைத்துக் கொடுத்தோம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.