ஐடா ஸ்கட்டர்

அரக்கோணத்திற்கு மேற்கேயுள்ள இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மகப்பேற்றுத் துன்பத்தால் மூன்று பெண்கள் மாண்டனர். ஆண் மருத்துவர் தொடலாகாது என்னும் வழக்கம் அவர்களைக் கைவிட்டது. அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. அமெரிக்காவில் 1899இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் அது நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று.

படுக்கைகள் பெருகினால் நோய்த்தொற்றும் பெருகக்கூடும். பேறுகாலக் காய்ச்சலின் கிருமி ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குச் செல்லும் வழி, பெரும்பாலும் கழுவாத கையே. அறுவை செய்பவர் எத்துணைத் தூய்மை பேணினும், கட்டு மாற்றும் கை தூயதன்றேல் புண் சீழ்வைக்கும். எனவே பயிற்சி பெற்ற செவிலியர் இன்றியமையாதவராயினர். 1918இல் அவர் நிறுவிய மருத்துவப் பள்ளியையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். செவிலியர் பள்ளியோ 1909இலேயே தோன்றிவிட்டது! அப்பள்ளி 1946இல் கல்லூரியாக உயர்ந்ததைக் கண்ட ஐடா, 1960இல் கொடைக்கானலில் காலமானார்.