பாங்கர் ஜியானினி

ஊருக்கு ஒரு பாங்கியா, ஒரு பாங்கிக்குப் பல ஊர்களா என்னும் வழக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. அவ்வழக்கிலே தம் ஆயுளைச் செலவிட்டவர் அமடியோ பீட்டர் ஜியானினி. வர்த்தகமும் லேவாதேவியும் செய்யும் நம்மனோர் அவர் சரித்திரத்தை அறிதல் நலம்.

அவர் 1870-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாகாணத்து ஸான் ஹோஸே நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்திற் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தந்தையாரை இழந்தார். பின்னர்த் தாயாரை மணந்த ஸ்கடீனா என்பவர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் காய்கனி மண்டி நடத்தினார். பள்ளியைப் பாதியில் விட்ட பையன் அம்மண்டியிலே ஆளறியவும் சரக்கறியவும் பயின்றார்.

1904-ல் இத்தாலி பாங்கியை ஸ்தாபித்தார். பெரிய பாங்கிகள் ஏறெடுத்தும் பாராத தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளுமே அதன் வாடிக்கைக்காரர். 1906-ல் பூகம்பமும் தீயும் நகரை அழித்தபோது, பாங்கியின் பொன்னையும் வெள்ளியையும் ஆரஞ்சுப் பெட்டிகளின் அடியில் மறைத்து வண்டியேற்றிக் காத்தார். சில நாட்களுக்குள் துறைமுகத்திலே ஒரு பலகையை மேஜையாக்கி, வீடு கட்டுவோர்க்குக் கடன் வழங்கலானார்.

1909-ஆம் ஆண்டின் கலிபோர்னியாச் சட்டம், அதிகாரியின் அநுமதியுடன் கிளைகள் திறக்க இடந்தந்தது. அவ்வாண்டே தாம் பிறந்த ஊரில் ஒரு கிளை திறந்தார். ஒரே ஊரை நம்பிய பாங்கி, அவ்வூரின் விளைச்சல் பொய்த்தால் தானும் வீழும். பல ஊர்களில் வேரூன்றியதோ, விளைந்த ஊரின் சேமிப்பைக் கொண்டு வாடிய ஊரைத் தாங்கும். இதுவே அவர் கொள்கை.

எதிர்த்தோரின் அச்சமும் வீணன்று. உள்ளூர்ப் பணம் பெருநகர் சென்றுவிடும், செல்வம் ஒரே கையிற் குவியும் என்று அவர்கள் கருதினர். 1927-ஆம் ஆண்டு மக்பேடன் சட்டம், தேசிய பாங்கிகளின் புதுக் கிளைகளைத் தலைமைக் காரியாலயம் உள்ள நகரளவில் நிறுத்திற்று. ஆயினும் 1930 முதல் 1933 வரை அந்நாட்டில் சுமார் 9,000 பாங்கிகள் முறிந்தன. அவற்றுட் பெரும்பாலன ஓரூர்ச் சிறு பாங்கிகள். கிளைகள் நாடெங்கும் பரவிய கனடாவில் அவ்வாண்டுகளில் ஒன்றேனும் முறியவில்லை. 1933-ல் சட்டம் சற்றுத் தளர்ந்து, மாகாணச் சட்டம் இடந்தரும் அளவிற்குக் கிளைகளை அநுமதித்தது.

1930-ல் அமெரிக்கா பாங்கி எனப் பெயர் பூண்ட அவர் ஸ்தாபனம், 1945-ல் உலகிலேயே பெரிய வர்த்தக பாங்கியாயிற்று. 1949-ல் அவர் காலமானபோது அதற்கு 500-க்கு மேற்பட்ட கிளைகள் இருந்தன. அவர் விட்டுச்சென்ற சொத்தோ 5 லட்சம் டாலருக்கும் குறைவு.

மாகாண எல்லை கடந்து கிளை வைக்கும் உரிமையை நாடு முழுமைக்கும் வழங்கிய சட்டம் 1994-ல்தான் பிறந்தது. கிளைத் தடைகளை நீக்கிய மாகாணங்களில் தலைவீத வருமானம் விரைந்து வளர்ந்ததென்று 1996-ல் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து கண்டனர். கடன் தொகை பெருகியது அதற்குக் காரணமன்று. தகுதியறிந்து கொடுக்கப்பட்டதே காரணமென்றும் அவர்கள் கூறினர். மண்டியிலே ஜியானினி கற்ற முதற்பாடமும் அதுவேயன்றோ!